ஏவாளுக்கு வந்த ‘இட்ஸாவோன்’ ஆதாமுக்கும்தானே வந்துச்சு

பிரசவ வலின்னு பேச்செடுத்தாலே "அது ஏவாள் வாங்கிக் குடுத்த சாபம்மா, பொறுத்துக்கத்தான் வேணும்"னு சொல்ற பெரியவங்க நம்ம சபைகள்ல இன்னும் இருக்காங்க, எபிடியூரல் (பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல போடற ஊசி) போட்டுக்கிட்ட பொண்ண ஏதோ கள்ளத்தனம் பண்ணவ மாதிரி பாக்குறவங்களும் இருக்காங்க. ரொம்ப நாள் கடுப்பு, இன்னிக்கு எழுதிடறேன்.

ஆதியாகமம் 3:16ல ஏவாளுக்கு வர்ற "வேதனை" எபிரேயத்துல இட்ஸாவோன். அடுத்த வசனத்துலயே ஆதாம் "வருத்தத்தோடே" நிலத்தோட பலனைப் புசிப்பான்னு வருதே, அதுவும் அதே இட்ஸாவோன்தான். 5:29ல நோவாவுக்கு பேர் வைக்கும்போது "கைகளின் பிரயாசம்"னு படிக்கிறோம்ல, அதுவும் இதேதான். மொத்த எபிரேய வேதாகமத்துலயும் இந்த மூணு எடத்துலதான் இந்த வார்த்தை, ஆனா நம்ம பழைய மொழிபெயர்ப்புல மூணுக்கும் மூணு வேற சொல்லு, அப்புறம் தமிழ்ல படிக்கிறவங்களுக்கு புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே பங்குதான் கெடச்சுதுன்னு எப்படித் தெரியும்? ஒடம்பும் ஓஞ்சு மனசும் நொந்து போற பாடுதான் இட்ஸாவோன். 6:6ல கர்த்தரோட இருதயத்துக்கே "விசனமாயிருந்தது"ங்கிறதும் இதே வேர்லருந்து வர்ற வினைச்சொல்தான். பிரசவ வலிக்குன்னே ஹீல், ஹேவெல்னு எபிரேயத்துல வேற வார்த்தைங்க இருக்கு, அதுல ஒண்ணும் இந்த வசனத்துல இல்ல. (யாபேஸோட அம்மா விஷயத்துல, 1 நாளாகமம் 4:9, இந்த வேர்ச்சொல் பிரசவத்துக்கும் வருது, அதனால வலியே இல்லன்னு நான் சொல்ல வரல.) இன்னொண்ணு, அந்த அதிகாரத்துல சபிக்கப்பட்டது பாம்பும் மண்ணும்தான். ஏவாள் இல்ல, போய் படிச்சுப் பாருங்க.

1847ல எடின்பர்க்ல ஜேம்ஸ் யங் சிம்சன்னு ஒரு டாக்டர் பிரசவத்துக்கு குளோரோஃபார்ம்ங்கிற மயக்க மருந்து குடுக்க ஆரம்பிச்சாரு. அப்பவும் இதே வசனம்தான் குறுக்க வந்துச்சு. மனுஷன் சும்மா விடல, எபிரேய வார்த்தைய ஒண்ணொண்ணா பிரிச்சு வச்சு ஒரு பிரசுரமே போட்டாரு, ஆதாமோட விலா எலும்ப எடுக்கறதுக்கு முன்னாடி கடவுளே அவன அயர்ந்து தூங்க வச்சாரேன்னும் கேட்டாரு. 1853ல விக்டோரியா ராணியே பிரசவத்துல குளோரோஃபார்ம் எடுத்துக்கிட்டாங்க.

ஆதாமோட இட்ஸாவோனுக்கு மட்டும் டிராக்டர் வந்தாச்சு, களைக்கொல்லி வந்தாச்சு, முள்ளும் குருக்கும் முளைக்கட்டும் அது தேவசித்தம்னு எந்த விசுவாசியும் வயல சும்மா போட்டு வைக்கல. நெத்தி வேர்வை சிந்தாம ஏசி ரூம்ல உக்காந்து சம்பளம் வாங்குற அண்ணனப் பாத்து "வேதத்த மீறுறீங்க"ன்னு யாராவது பிரசங்கம் பண்ணி நீங்க கேட்டிருக்கீங்களா?