மலையைத் தட்டையாக்கிய படத்தை வைத்துக் கண்டிக் காற்றை அளக்காதீர்கள்

காற்று மாசைக் காட்டுகிறதென்று நேற்றிலிருந்து சுற்றுகிற அந்தப் பச்சைநிற வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கண்டியிலை காத்து சுத்தம், சும்மா பயப்படுத்தாதையுங்கோ" என்ற வரியோடு. பகிர்ந்தவர் எனக்குத் தெரிந்த அண்ணைதான், மரியாதை உண்டு. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையைத் தட்டையாக்கிய படத்தை வைத்துப் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றிக் கதைக்க முடியாது.

போனில் வருகிற இப்படிப் பல படங்களுக்குப் பின்னால் இருப்பது உலகளாவிய கணினி மாதிரி, அதாவது காற்றின் நிலையைக் கணக்குப்போட்டுச் சொல்கிற நிரல். அது உலகைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கண்டி நகரமும் ஹந்தானை மலையும் சேர்ந்தே அடங்கிவிடக்கூடிய அகலம் அது. கட்டத்துக்கு ஒரே சராசரி உயரம்தான். உண்மையில் என்ன நடக்கிறது? இரவில் மலைச்சரிவு குளிர, கனத்த காற்று கீழே வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று. காலையில் பஸ் கக்குகிற கரும்புகை மேலெழ வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. அந்தக் கட்டத்தில் சரிவே இல்லையே, சரிவுக்காற்று எங்கிருந்து வரும்?

தங்கச்சி கண்டியில் படித்தபோது அவளின் அறை ஒரு சரிவில் இருந்தது. விடியற்புறம் கீழ்வீட்டு அடுப்புப் புகை நேரே எழும்பும். கூரைக்குச் சற்று மேலே போனதும் பக்கவாட்டில் படர்ந்துவிடும், அதற்குமேல் ஒரு முழம் ஏறாது. வெயில் ஏறினால்தான் கலையும். அவளுக்கு முட்டு (மூச்சுத்திணறல்) வந்ததும் அந்த விடியற்புறங்களில்தான். அவளிடம் போய்ச் சுத்தம் என்று சொல்லுங்கள்.

"யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மலையைப் பற்றி இவருக்கு என்ன?" என்று ஒருவர் எழுதியிருந்தார். மனம் நொந்துபோனது. வருடக்கணக்காக இந்த மாதிரிகளோடுதான் மல்லுக்கட்டுகிறேன். மலையில்லாத ஊரில் பிறந்தவன் மலைக்காற்றைப் படிக்கக்கூடாதோ?

"கணினிக் கணக்கை நம்பேலாது" என்கிறவர்களுக்கு: சரி, கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். கட்டத்தை ஒரு கிலோமீற்றருக்குச் சுருக்குங்கள், மலை தெரியத் தொடங்கும்.

"பள்ளத்தாக்கு என்றால் என்ன ஆகிவிடும்?" 1930இல் பெல்ஜியத்தின் மியூஸ் பள்ளத்தாக்கில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். 1948இல் அமெரிக்காவின் டொனோராவில் 20 பேர். அவை தொழிற்சாலைப் புகை, கண்டியில் அந்த அளவு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். காற்று அடைபடுகிற விதம் ஒன்றுதான்.

2022 டிசெம்பரில், மாண்டஸ் புயல் நேரம், இந்தியப் பக்கத்திலிருந்து அழுக்குக் காற்று வந்து எங்கள் யாழ்ப்பாண வானம் மங்கியது. 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்போது "வெறும் பனி" என்று சொன்னவர்கள்மேல் எங்களுக்கு எவ்வளவு கோபம் வந்தது! எங்கள் பிள்ளைகளின் மூச்சு என்றால் கோபம், கண்டிப் பிள்ளைகளின் மூச்சு என்றால் பச்சைப் படமா? எங்களுக்குக் காற்றுத் திசை மாறினதும் போய்விட்டது. அங்கே காற்றடங்கிய இரவெல்லாம் அதே கதை.

அண்ணை, உங்கள் அக்கறை உண்மையென்று தெரியும். பள்ளத்தின் அடியில் ஓர் அளவுகருவி, ஹந்தானைச் சரிவில் ஒன்று வைக்கச் சொல்லி எழுதுங்கள். இரண்டிலும் வெப்பநிலையும் பதிவானால், குளிர்காற்று எத்தனை மணிக்குக் கலைகிறது என்று தெரியும். மாதிரியையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.