தேர்தல் வகுப்பும் குடிமையியல் பயிற்சியும்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் ஆசிரியராகப் பணிபுரியும் எனக்கு இரண்டு வகைப் பயிற்சிகளுக்கு ஆணை வருவதுண்டு. ஒன்று, அருகிலுள்ள பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்திலோ மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ நடக்கும் பாடப் பயிற்சி. மற்றொன்று, தேர்தல் வரும்போதெல்லாம் நடக்கும் வாக்குச்சாவடி அலுவலர் பயிற்சி. எங்கள் வழக்கில் அது 'எலக்‌ஷன் கிளாஸ்'. குடிமையியல் கற்பிப்பதற்கென்று முதலாவதில் நான் பெற்றது மிகக் குறைவு. இரண்டாவதில் பெற்றதைத்தான் இன்றுவரை வகுப்பறையில் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்தல் வகுப்பில் மேசைமேல் வாக்குப்பதிவு இயந்திரத்தின் கண்ட்ரோல் யூனிட்டும் பேலட் யூனிட்டும், போட்ட வாக்கைத் தாளில் காட்டும் விவிபேட்டும் இருக்கும். அவற்றை நாமே இணைக்க வேண்டும், நாமே முத்திரையிட வேண்டும், வாக்களிப்பவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டையும், பதிவான வாக்குகளின் 17சி கணக்கையும் நாமே நிரப்பிப் பார்க்க வேண்டும். வாக்குப்பதிவு தொடங்குமுன் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, முடிவைக் காட்டி, பின்பு அந்த வாக்குகளை அழித்துவிட வேண்டும். குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று பொத்தான்களை அழுத்தும் அந்த வரிசையைச் 'சி.ஆர்.சி.' என்று சுருக்கி மனப்பாடம் செய்ய வைப்பார்கள். (குறுவள மையத்தையும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி நாங்கள் சி.ஆர்.சி. என்றுதான் சொல்கிறோம். அங்கே கிளியர் ஆவது பெரும்பாலும் சனிக்கிழமை மட்டும்தான்.)

அதைவிட முக்கியமானது, அங்கே கேட்கப்படும் கேள்விகளின் தன்மை. வாக்களிக்க வந்திருப்பவர் உண்மையான வாக்காளர் அல்லர் என்று ஒரு முகவர் ஆட்சேபித்தால் என்ன செய்வீர்கள்? அந்த முகவரை இரண்டு ரூபாய் கட்டச் சொல்லிவிட்டு, அங்கேயே விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் வந்து நிற்கும்போது அவர் பெயரில் முன்பே வேறு யாரோ வாக்களித்துவிட்டுப் போயிருந்தால்? அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. இயந்திரத்தில் அல்லாமல் வாக்குச்சீட்டில் டெண்டர் ஓட்டுப் போட விட வேண்டும். (இதை எங்கள் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒரு திரைப்படம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.) பதிவேட்டில் கையொப்பமிட்ட பிறகு ஒருவர் வாக்களிக்க மறுத்தால்? இப்படி ஒவ்வொரு சிக்கலையும் முன்கூட்டியே எடுத்து வைத்து, சட்டம் என்ன சொல்கிறது, உங்கள் அதிகாரம் எதுவரை, அதை எங்கே எழுதி வைக்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். சில நாட்களில் நாமே தனியாக அந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம் என்ற அச்சம் இருப்பதால், எவருக்கும் அங்கே தூக்கம் வருவதில்லை.

பாடப் பயிற்சியில் நிலைமை வேறு. சமூக அறிவியல் என்ற ஒரே தலைப்பின் கீழ் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நேரத்தைப் பங்கு போடுவார்கள். நான் கலந்துகொண்ட பயிற்சிகள் பெரும்பாலானவற்றில் குடிமையியலுக்குக் கிடைத்தது மதிய உணவுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம். இதற்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. எங்கள் பட்டதாரி ஆசிரியர் நியமனப் பாடங்களில் வரலாறும் புவியியலும் இருக்கின்றன, அரசியல் அறிவியல் இல்லை; அது முதுகலை ஆசிரியர் பணிக்கு மட்டுமே உரிய பாடமாக இருக்கிறது. ஆகவே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அரசியலமைப்பைக் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் அதைத் தனிப் பாடமாகப் படிக்காதவர்கள். வரலாற்றுப் பட்டதாரியாகிய நானும் அவர்களில் ஒருவன். பயிற்சி நடத்தும் கருத்தாளராக வருபவரும் எங்களைப் போன்ற ஆசிரியர்தான் என்பதால், பாடநூலில் உள்ள வரிகளே திரையில் பெரிய எழுத்தில் திரும்பி வருகின்றன.

பாடநூல் அச்சாகி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, அரசியலமைப்பு நிற்பதில்லை. தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு 234 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், ஓர் ஆங்கிலோ இந்தியர் நியமிக்கப்படுகிறார் என்று பல ஆண்டுகள் கற்பித்தேன். 104ஆவது திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அந்த நியமன இடம் இல்லாமல் போனதை ஒரு நாளிதழில் படித்துத்தான் திருத்திக்கொண்டேன். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் அப்படியே. ஆளுநர் பாடம் இன்னும் கடினமானது. மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் காலக்கெடு விதித்து, தமிழ்நாட்டின் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வோ, நீதிமன்றம் அத்தகைய காலக்கெடுவை விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பரில் கருத்துரைத்தது. ஒரே ஆண்டுக்குள் நடந்த இந்த இரண்டையும் பத்தாம் வகுப்பு மாணவருக்குக் குழப்பமில்லாமல் விளக்குவது எப்படி என்பதற்கு ஒரு முழுநாள் பயிற்சியே வைக்கலாம். எங்களுக்குக் கிடைத்ததென்னவோ வினாத்தாள் வடிவமைப்புப் பயிற்சிதான்.

தகவல் இடைவெளியையாவது நாளிதழ் நிரப்பிவிடுகிறது. அச்சத்தை எது நிரப்பும்? சென்ற ஆண்டு உள்ளாட்சிப் பாடம் நடத்துகையில், ஊராட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டுகள், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசியலமைப்பின் ஒன்பதாம் பகுதியை விளக்கினேன். "எங்கள் ஊரில் இப்போது தலைவரே இல்லையே சார், தனி அலுவலர்தானே இருக்கிறார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது முற்றிலும் சரி. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். அதற்கு அரசு சொன்ன காரணம் ஒன்று, எதிர்க்கட்சிகள் சொன்ன காரணம் வேறொன்று. இரண்டையும் எடுத்துவைத்து, சட்ட வாசகத்தையும் படித்துக்காட்டி, முடிவை அவளிடமே விட்டிருக்க வேண்டியவன் நான். ஆனால் 1973ஆம் ஆண்டு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் நினைவுக்கு வர, "அது நிர்வாக ஏற்பாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அந்த விதிகள் எதைத் தடுக்கின்றன, எதைத் தடுக்கவில்லை என்று இத்தனை ஆண்டுகளில் எந்தப் பயிற்சியிலும் ஒருவரும் எங்களுக்கு விளக்கியதில்லை. தெரியாத வேலியைத் தொட்டுப் பார்க்க அஞ்சி, வேலியிலிருந்து நூறு அடி தள்ளியே நிற்கிறோம்.

இப்படிப்பட்ட கேள்விகளைப் பேசவிட்டால் வகுப்பறையில் அரசியல் புகுந்துவிடும் என்று மறுப்புச் சொல்வார்கள். வாக்குப்பதிவு நாளன்று எல்லாக் கட்சி முகவர்களையும் எதிரில் அமர்த்தி, காலை முதல் மாலை வரை நடுநிலை தவறாமல் நடந்துகொள்வார்கள் என்று நம்பி ஒரு வாக்குச்சாவடியையே ஒப்படைக்கும் அரசு, அதே ஆசிரியர்களை நாற்பது பிள்ளைகள் முன்னால் நம்பத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை.

ஆசிரியர்களின் தொடர் தொழில் வளர்ச்சிக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் என்று தேசியக் கல்விக் கொள்கை கணக்குச் சொல்கிறது. அந்தக் கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். குடிமையியலுக்கு ஆறு மணி நேரம் கிடைத்தாலே எனக்குப் போதும், அதைத் தேர்தல் வகுப்பின் முறையில் நடத்துவதாக இருந்தால். ஒவ்வொருவரும் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு தகவல் உரிமை மனு எழுதி அனுப்பட்டும். 30 நாட்களில் வந்த பதிலையோ வராத பதிலையோ அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும். எங்களில் பலருக்குப் பணிபுரியும் ஊரில் வாக்கு இல்லை என்பதால் அங்குள்ள கிராம சபையைப் பார்த்ததே இல்லை. பார்வையாளராகவேனும் ஒருமுறை போய் உட்காரச் சொல்லட்டும். கருத்தாளர் நாற்காலியில் ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் ஒருவரையோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் ஒருவரையோ உட்கார வைத்தால், நடத்தை விதிகள் பற்றிய எங்கள் ஐயமும் அன்றே தீரலாம்.

எங்கள் குறுவள மையத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வகுப்பில் பதில் சொல்லாமல் நழுவிய கேள்வி ஒன்றை ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்கு எழுதி எடுத்துவந்து, அரை மணி நேரம் அதை மட்டும் பேசுவது. கருத்தாளர் ஒப்புக்கொண்டுவிட்டார், அறிக்கையில் அதைக் 'குழுச் செயல்பாடு' என்று மட்டும் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் எடுத்துப்போக இருப்பது அந்த மாணவியின் கேள்வியை.