செரெங்கெட்டியில் ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள்

செரெங்கெட்டிக்குப் போய் வந்தவரிடம் நண்பர்கள் முதலில் கேட்பது, "அஞ்சையும் பார்த்தாச்சா?" என்பதுதான். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்னும் இந்த ஐந்தின் பட்டியல், நடந்து சென்று சுடுவதற்கு எவை கடினமானவை, எவை ஆபத்தானவை என்று வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் போட்டு வைத்த கணக்கு. துப்பாக்கி போய் கேமரா வந்த பிறகும், தான்சானியாவின் 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தேசியப் பூங்காவை அதே கணக்கால்தான் அளந்துகொண்டிருக்கிறோம். இது நம்மை எவ்வளவு இழக்க வைக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பூங்காவின் நடுவே உள்ள செரோனெரா பகுதியில் காலை நேரத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஓட்டுநரின் ரேடியோவில் மற்ற ஓட்டுநர்களிடமிருந்து அந்த ஊர் மொழியான சுவாஹிலியில் ஒரு தகவல் வருகிறது. அதுவரை நாம் பார்த்துக்கொண்டிருந்த வரிக்குதிரைகளை அப்படியே விட்டுவிட்டு வண்டி புழுதி பறக்கப் பாய்கிறது. போய்ச் சேரும்போது ஒரே ஒரு மரத்தைச் சுற்றி, தேர் வரும் நாளில் ரத வீதி இருப்பதைப் போல, கூரை திறந்த லேண்ட் குரூசர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கிளையிலிருந்து தொங்கும் ஒரு சிறுத்தையின் வால் தெரிகிறது. எல்லோரும் அந்த வாலைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்புகிறார்கள். இதற்கு ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய வருமானத்தில் பயணிகள் தரும் அன்பளிப்பு பெரும்பங்கு. சிங்கம் காட்டாத ஓட்டுநருக்கு அது குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். பூங்காக் கட்டணமும் 24 மணி நேரக் கணக்கில் ஓடுவதால், கொடுத்த காசுக்கு எத்தனை விலங்கு என்ற அவசரம் வண்டிக்குள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது.

செரெங்கெட்டியை நடத்துவது சிங்கம் அல்ல, புல். தெற்குச் சமவெளியில் மரமே இல்லாததற்குக் காரணம், பூங்காவை ஒட்டியுள்ள நிகோரோங்கோரோ மேட்டுநிலத்து எரிமலைகள் காலங்காலமாகக் கொட்டிய சாம்பல். அது மண்ணுக்கடியில் இறுகிக் கெட்டித் தளமாகிவிட்டதால் மர வேர் இறங்க முடிவதில்லை. ஆனால் அதன்மேல் முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுந்திருக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். எனவேதான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் (மாட்டைப் போன்ற பெரிய மான்கள்) மழை தொடங்கியதும் அங்கே வந்து, பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஏறக்குறைய ஐந்து லட்சம் கன்றுகளை ஈனுகின்றன. கழுதைப்புலிகளும் சிங்கங்களும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே சமயத்தில் பிறப்பதே அவற்றின் பாதுகாப்பு. பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயோடு ஓடத் தொடங்குவதைப் பார்த்த பிறகு, தூங்கும் சிங்கத்தைத் தேடிப் போக யாருக்கு மனம் வரும் என்று தெரியவில்லை.

மே மாதவாக்கில் தெற்கில் புல் காய்ந்ததும் கூட்டம் மேற்கே குருமெட்டி ஆற்றை நோக்கியும், பிறகு வடக்கே மாரா ஆற்றை நோக்கியும் நகர்கிறது. இந்த நகர்வில் ஓர் ஒழுங்கு உண்டு. முரட்டுத் தண்டுகளை வரிக்குதிரை மேய்ந்து குறைக்கிறது. அடியிலுள்ள இலையை வில்டபீஸ்ட் தின்கிறது. அதன்பின் துளிர்ப்பதைத் தாம்சன் கெசல் மான்கள் பொறுக்குகின்றன. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே இடத்தில் காத்திருந்தால் இதன் சில காட்சிகளையாவது பார்த்துவிடலாம்.

இந்தக் கூட்டமே ஒரு காலத்தில் இல்லாமல் போகவிருந்தது. 1890களில் கால்நடைகளோடு வந்த ரிண்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய், மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் மந்தைகளை அழித்து அவர்களைப் பஞ்சத்தில் தள்ளியது. காட்டு எருமைகளையும் வில்டபீஸ்ட்களையும் விட்டுவைக்கவில்லை. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு காட்டு விலங்குகளிடமும் நோய் மறைந்தது. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1970களின் இறுதியில் பதின்மூன்று லட்சத்தை எட்டின. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்தன. மாட்டுக்குப் போட்ட ஊசியால் காட்டில் மரம் வளர்ந்த இந்தக் கதையைப் பயணிகளுக்குச் சொல்லும் வழிகாட்டிகள் அரிது. அந்த மசாய் மக்களே 1959இல் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு நிகோரோங்கோரோ பக்கம் குடியேற்றப்பட்டார்கள் என்பதும் பயண நிறுவனங்களின் வண்ணக் கையேடுகளில் வருவதில்லை.

மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்தே உண்டு. முதலைகள் காத்திருக்கும் ஆற்றில் இறங்கத் தயங்கி நிற்கும் விலங்குகளின் வழியில் வண்டிகளை நிறுத்துவது வேடிக்கை பார்ப்பதாகாது, இடையூறு செய்வதாகும். 2025 ஜூலையில் கரையோரம் வண்டிகளைவிட்டு இறங்கி நின்று கூட்டத்தின் வழியையே பயணிகள் மறித்த காணொளி பரவியபோது பலர் அதிர்ச்சியடைந்தார்கள். எனக்கு அதில் அதிர்ச்சியடைய எதுவும் இல்லை. "கடப்பதைக் காட்டுவோம்" என்று விற்றால் வாங்கியவர் கரைவரை போகத்தான் செய்வார்.

முதன்முறை போகிறவர் சிங்கம் பார்க்க ஆசைப்படுவது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. செரெங்கெட்டியையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்துச் சுமார் மூவாயிரம் சிங்கங்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். துரத்தாமலே கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். என் யோசனை இதுதான்: முடிந்தால் ஆற்றைக் கடக்கும் ஆகஸ்டைவிடக் கன்று ஈனும் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்து, தெற்கே நிடுட்டு பக்கம் ஒரே முகாமில் தங்குங்கள். அங்கே நிகோரோங்கோரோ எல்லைக்குட்பட்ட பகுதியில் பாதையைவிட்டு விலகி ஓட்ட அனுமதி இருப்பதால், குட்டிகளோடு இருக்கும் சிவிங்கிப்புலியை (சீட்டா) நெருங்க வேண்டாம் என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். அன்பளிப்பு சிங்கத்தைப் பொறுத்ததல்ல என்பதையும், ரேடியோ தேவையில்லை என்பதையும், முதல் நாள் காலையிலேயே, முகாமிலிருந்து வண்டி கிளம்பும் முன் ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.