விஜேந்தர் சிங் தோற்றதே இல்லையா?

"தொழில்முறை குத்துச்சண்டையில் விஜேந்தர் சிங் தோற்றதே இல்லை" என்ற பதிவு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மைதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கியவர், 2015-ல் தொழில்முறைக்கு மாறினார். அந்த அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் சண்டை. மூன்றாவது ரவுண்டிலேயே வெற்றி. மறு ஆண்டு டெல்லியில் கெர்ரி ஹோப்பைப் புள்ளிகளில் வீழ்த்தி ஆசிய பசிபிக் பட்டம். இப்படியே தொடர்ந்து 12 வெற்றிகள்.

அப்புறம் 2021 மார்ச் 19. கோவாவில் கேசினோ கப்பலின் மேல்தளத்தில் ரிங். எதிரே ரஷ்யாவின் அர்திஷ் லோப்சான், ஆறடிக்கு மேல் நெடுநெடுவென்று. ஐந்தாவது ரவுண்டில் நடுவர் சண்டையை நிறுத்த, விஜேந்தருக்கு முதல் தோல்வி. பதிவு போடுபவர்கள் 2020-லேயே நின்றுவிட்டார்கள் போல! 2022 ஆகஸ்டில் ராய்ப்பூரில் மறுபடியும் ஜெயித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.