கடைசி நிமிட ஃபவுல் கள்ள ஆட்டம் இல்லை

நம்ம மலையகப் பசங்க சேர்ந்து ஆடுகிற ஒன்லைன் பாஸ்கட்போல் மேனேஜர் லீக்கில் இப்போது ஒரே சண்டை. பின்தங்கியிருக்கிற அணி கடைசி நேரத்தில் வேண்டுமென்றே ஃபவுல் செய்வதற்கு (விதியை மீறி எதிராளியைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்துவதற்கு) ஒரு செட்டிங் இருக்கிறது. அதை இனி யாரும் போடக் கூடாது, எல்லோரும் வாக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். ஹட்டன் தம்பி ஒருவர் 5 புள்ளி முன்னால் இருந்த மெட்சை விட்டதில் ஆரம்பித்த கதை. பதுளைப் பக்கமும் அவருக்கு ஆதரவு பலமாக இருக்கிறது. வட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீரர்களை வாங்குவது, பயிற்சி கொடுப்பது, ஆட்ட உத்தியை முடிவு செய்வது எல்லாம் நம் வேலை. மெட்சைக் கணினி ஆடிவிடும். நடந்ததை வரி வரியாக வாசித்துக்கொள்ளலாம். எல்லாம் வெறும் எழுத்து என்பதால் தோட்டத்தில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் ஓடும். எங்கள் பக்கம் ஒரு கோர்ட் கட்டச் சமதரை கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் வொலிபோல் நெட்தான் முதலில் ஏறும். அதனால் பாஸ்கட்போல் ஆசை உள்ள பலருக்கு இந்த மேனேஜர் விளையாட்டுத்தான் கோர்ட்.

அந்த மெட்சையே எடுத்துக்கொள்வோம். பாக்கி 48 செக்கன். தம்பியின் அணி 5 புள்ளி முன்னால், போலும் (பந்தும்) அவர்கள் கையில். எதிரணி சும்மா தடுத்து நின்றால் என்ன ஆகும்? ஒரு தடவை ஷொட் போடக் கிடைக்கிற 24 செக்கனையும் உருட்டித் தீர்த்துவிட்டு ஒரு ஷொட் போடுவார்கள். மிஞ்சுகிற நேரத்தில் 5 புள்ளி எடுப்பது நடக்காத காரியம். ஃபவுல் ஆனால் கடிகாரம் நின்றுவிடும், ஆகவே எதிரணி நாலாவது செக்கனிலேயே ஃபவுல் செய்தது. அந்தக் குவாட்டரில் ஏற்கெனவே நாலு டீம் ஃபவுல் ஆகியிருந்ததால் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடுகிற ஒரு புள்ளி ஷொட். போட வந்தவர் தம்பியின் சென்டர், வளையத்துக்குப் பக்கத்தில் ஆடுகிற உயரமான ஆள். ரிபவுண்டில் (தவறின ஷொட்டைப் பிடிப்பதில்) லீக்கிலேயே முதல் ஆள், ஃப்ரீ த்ரோ திறன் அடிமட்டம். இரண்டும் வெளியே. எதிரணிக்கு ஒரு த்ரீ, தூரத்திலிருந்து போடுகிற மூன்று புள்ளி ஷொட். மறுபடியும் ஃபவுல், மறுபடியும் அதே சென்டர், இரண்டில் ஒன்று உள்ளே. இன்னொரு த்ரீ. சமநிலை. கூடுதல் நேரத்தில் தோல்வி.

இதில் எதிரணி எதைத் திருடியது? நாலு ஃப்ரீ த்ரோவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நேரத்தை வாங்கியது. அந்த நாலில் மூன்று விழுந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இல்லை.

"2023 உலகக் கிண்ணத்தில் அஞ்சலோ மெத்யூசை டைம்ட் அவுட் கேட்டு பங்களாதேஷ் அனுப்பினபோது நீங்களும்தானே கொதிச்சீங்க, அதுவும் விதிப்படிதானே அண்ணே" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆமாம், கொதித்தேன். இன்றைக்கும் அது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் கிரிக்கெட்டில் குறித்த நேரத்துக்குள் ஆடத் தயாராகவில்லை என்று அனுப்பப்பட்ட மெத்யூஸ் அன்றைக்கு ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. பதில் சொல்ல அவருக்கு வழியே கிடைக்கவில்லை. ஃபவுல் வாங்கினவர் நிலைமை அப்படியா? பலகையிலிருந்து 4.6 மீற்றர் தள்ளி, கை நீட்டித் தடுக்க ஒரு ஆள் இல்லாமல், நின்று நிதானித்துப் போடுகிறார். பாஸ்கட்போலில் இதைவிட நியாயமான வாய்ப்பு வேறு கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் வில்ட் சேம்பர்லெயின் தனி ஆளாக 100 புள்ளி எடுத்த ஆட்டத்தை எல்லோரும் கொண்டாடுகிறோம். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவில் ஹேர்ஷி என்ற ஊர். அன்றைக்குக் கடைசிக் கட்டத்தில் போல் அவர் கைக்குப் போகக் கூடாது என்று நியூயோர்க் அணி மற்ற வீரர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. போலைச் சீக்கிரம் திரும்ப வாங்க வேண்டும் என்று அவருடைய அணியும் நியூயோர்க்காரர்களை ஃபவுல் செய்தது. அந்த 100 புள்ளியைக் கள்ளப் புள்ளி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

அதே ஆட்டத்தில் சேம்பர்லெயின் 32 ஃப்ரீ த்ரோவில் 28ஐப் போட்டார். வாழ்நாள் கணக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டின மனிதர் அவர். அந்த சீசனில் போலை இரண்டு கையாலும் கீழேயிருந்து தூக்கிப் போட்டுப் பார்த்தார், நன்றாகவே வந்தது. பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது என்று பிறகு விட்டுவிட்டார். ரிக் பெரி என்ற இன்னொரு வீரர் கடைசிவரை அப்படியே போட்டார், பத்துக்கு ஒன்பது விழுந்தது. பழகினால் வருகிற வித்தை இது.

நம் லீக்கில் அதைப் பழக்குகிறவர் யார்? புதிதாக வருகிற ஆளுக்கு முதல் நாளே கிடைக்கிற புத்திமதி, "ஃப்ரீ த்ரோவில் ஒரு வாரத்தையும் வீணாக்காதே" என்பதுதான். ஜம்ப் ஷொட், ரிபவுண்ட், டிஃபென்ஸ் என்று எல்லாப் பயிற்சியையும் அங்கே கொட்டுகிறோம். நிஜக் கோர்ட்டிலும் இதே கதைதான். எங்கள் டவுன் ஸ்கூல் கோர்ட்டில் மழை விட்ட பின்னேரங்களில் பசங்க ஆடுவார்கள். வளையத்தில் நெட் கிடையாது. போல் உள்ளே போனதா வெளியே போனதா என்று ஒவ்வொரு த்ரீக்கும் வாக்குவாதம் நடக்கும். கோட்டில் நின்று பத்து ஃப்ரீ த்ரோ போட்டுப் பழகுகிற பிள்ளையை மட்டும் காண முடியாது. இந்த ஒரு திறனுக்கு விலை கொடுக்கிற உத்தி கடைசி நிமிட ஃபவுல்தான். அதையும் தடுத்தால் ஃப்ரீ த்ரோ என்கிற கட்டத்தையே விளையாட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

சரி, எல்லா ஃபவுலுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. முதல் குவாட்டரிலிருந்தே ஒருவரைத் துரத்தித் துரத்திப் பிடிப்பது எனக்கும் பிடிக்காது. 1997இல் என்பிஏ ஆட்டமொன்றில் டலஸ் கோச் டொன் நெல்சன், சிக்காகோவின் டெனிஸ் ரொட்மனை அப்படித்தான் பிடிக்கச் சொன்னார். அந்த வேலைக்கு இறங்கிய பபா வெல்ஸ் மூன்றே நிமிடத்தில் ஒரு ஆளுக்கு உள்ள ஆறு ஃபவுலும் முடிந்து வெளியே போனார். ரொட்மன் 12 ஃப்ரீ த்ரோவில் 9 போட்டார், சிக்காகோ வென்றது. கணக்குப் பார்த்தாலும் அது பெரிய லாபம் இல்லை. பாதிக்குப் பாதி போடுகிற ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் சராசரி ஒரு புள்ளி. சும்மா தடுத்து ஆடினாலும் எதிரணி ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் எடுக்கும். கடைசி நேரத்தில் ஃபவுல் பலன் தருவது, கூடவே நேரமும் கிடைப்பதால்தான். போல் இல்லாத ஆளைப் பிடிக்கிற ஃபவுலுக்கு, ஒவ்வொரு குவாட்டரின் கடைசி இரண்டு நிமிடத்திலும் ஒரு ஃப்ரீ த்ரோவோடு போலும் திரும்பக் கிடைக்கும் என்று என்பிஏ 2016இல் விதியை இறுக்கியது. நிஜ ஆட்டத்தில் போலைப் பார்க்காமல் ஆளை மட்டும் பிடித்தால் நடுவர் அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் (விளையாட்டுக்கு ஒவ்வாத) ஃபவுல் கொடுப்பார், இரண்டு ஃப்ரீ த்ரோவும் போய்ப் போலும் போகும். நம் விளையாட்டில் அந்த ஆபத்தே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு எழுதுவோம், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒப்பந்தம் வேண்டும்தான் என்றால் இப்படி எழுதுங்கள்: நாலாவது குவாட்டரின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன்னால் யாரும் அந்த செட்டிங்கைப் போடுவதில்லை. முதல் ஆளாக நான் சம்மதம் சொல்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஹட்டன் தம்பிக்கு ஒரு வார்த்தை: உங்கள் சென்டருக்கு இன்னும் வயசு இருக்கிறது, அடுத்த சீசன் தொடங்க முன்னம் கொஞ்ச வாரம் அவரைக் கோட்டில் நிறுத்துங்கள். அதுவரை கடைசி நிமிடத்தில் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஃப்ரீ த்ரோ போடத் தெரிந்த உங்கள் கார்ட்கள் (வெளியே நின்று போலைக் கையாளுகிறவர்கள்) மூன்று பேரையும் இறக்குங்கள்.