கியூபா ஏவுகணை நெருக்கடி: 'ஒரே குரலில் முடிவு' என்பது தவறு

கியூபாவில் சோவியத் ஒன்றியம் அணு ஏவுகணைகளை நிறுவியதால் 1962இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் அரசு எதிர்கொண்டதுதான் இந்த நெருக்கடி. "1962 கியூபா நெருக்கடியில் கென்னடியின் ஆலோசகர்கள் முதல் நாளே ஒருமனதாகக் கடல் முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார்கள், அறைக்குள் பேசியதற்குப் பதிவே இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு.

வெள்ளை மாளிகையின் அமைச்சரவை அறையில் கென்னடி ரகசியமாக ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தார். அங்கிருந்த பெரும்பாலோருக்கு அது தெரியாது. அக்டோபர் 16 பதிவில், ஏவுகணைத் தளங்களைத் தாக்கும் பக்கமே கென்னடி சாய்ந்திருப்பது கேட்கிறது. 19ஆம் தேதி விமானப்படைத் தளபதி லீமே, முற்றுகை என்பது 1938இல் பிரிட்டனும் பிரான்சும் மியூனிக்கில் ஹிட்லருக்குப் பணிந்துபோனதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று அதிபரின் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். 22ஆம் தேதிதான் முற்றுகை அறிவிப்பு வந்தது.

27ஆம் தேதிப் பதிவை அவசியம் கேளுங்கள். கியூபாவிலிருந்து சோவியத் ஏவுகணைகளை எடுத்தால், பதிலுக்குத் துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை விலக்கும் பேரத்தைக் கென்னடி திரும்பத் திரும்ப எடுக்கிறார். ஆலோசகர்களில் பலர் மறுக்கிறார்கள். அன்றிரவே அவருடைய தம்பி ராபர்ட், சோவியத் தூதர் தொப்ரினினிடம் அந்த உறுதியை ரகசியமாகக் கொடுத்தார். ஆலோசகர் குழுவிலேயே சிலருக்குத்தான் அது தெரியும்.

பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தின் இணையதளத்தில் இந்த ஒலிப்பதிவுகளை யாரும் கேட்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.