ஸ்கோர் விளிம்பில் இருக்கிறதா? ஹானர்ஸ் காலேஜுக்குப் போடுங்கள்

அக்டோபர் பிறந்தாலே நியூ ஜெர்சி தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி வந்துவிடும். "அக்கா, பொண்ணுக்கு எஸ்.ஏ.டி. 1410. ஹானர்ஸ் காலேஜுக்குப் போடலாமா, இல்ல இன்னொரு தடவை எழுதச் சொல்லட்டுமா?" எஸ்.ஏ.டி. என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் தேர்வு. ஹானர்ஸ் காலேஜ் என்பது ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, சின்ன வகுப்புகளில் கூடுதல் ஆழத்தோடு படிக்கவைக்கும் பிரிவு. தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்துக்கு எழுதும் எஸ்ஸேக்களைப் படித்துப் பார்ப்பவள் என்பதால் தனியாகவும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். போடுங்கள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ எழுதுவதற்குப் படிக்கப்போகும் வாரங்களை எஸ்ஸேக்குக் கொடுங்கள்.

நம் தலைமுறைக்கு எண் என்றால் கட் ஆஃப். 2006 வரை தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, மொத்தம் 300. கால் மார்க்கில் கிண்டி கைவிட்டுப் போனவர்கள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள். கவுன்சலிங்கில் வேறு எதையும் யாரும் பார்க்கவில்லை, அதனால் அங்கே அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. அதே பயத்தை இங்கே பிள்ளைகள் தலையில் ஏற்றுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சில ஹானர்ஸ் காலேஜ்கள் குறைந்தபட்ச ஸ்கோர் கேட்கும். கேட்டால் அதைத் தங்கள் தளத்திலேயே வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். அப்படிப் போடாத இடத்தில் நாமாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு பிள்ளையை அதற்கு இந்தப் பக்கம் நிறுத்தி வைக்கிறோம்.

தளத்தில் இருக்கும் எண்ணைப் படிப்பதிலும் குழப்பம் நடக்கிறது. உதாரணத்துக்கு, சேர்ந்தவர்களில் நடுப்பாதிப் பேரின் ஸ்கோர் 1430 முதல் 1530 வரை என்று ஒரு பல்கலைக்கழகம் போட்டிருக்கிறது என்று வையுங்கள். அதை 1430-க்குக் கீழே வராதே என்று படிக்கிறோம். கால்வாசிப் பேர் 1430-க்குக் கீழே இருந்துகொண்டுதான் சேர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். அதோடு, ஸ்கோர் கட்டாயமில்லாத இடங்களில் குறைவாக எடுத்தவர்கள் பெரும்பாலும் அனுப்புவதே இல்லை. அனுப்பியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு உண்மையைவிட உயரமாகத்தான் நிற்கும்.

எஸ்.ஏ.டி. நடத்தும் காலேஜ் போர்டே அந்த எண்ணை அவ்வளவு துல்லியமானது என்று சொல்வதில்லை. மதிப்பெண் அறிக்கையில் மொத்த ஸ்கோருக்குப் பக்கத்தில் 40 புள்ளி மேலே, 40 புள்ளி கீழே என்று ஒரு வரம்பு இருக்கும். இதே பிள்ளை வேறொரு நாள் எழுதியிருந்தால் அந்த வரம்புக்குள் எங்கு வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்று அர்த்தம். 1410-க்கும் 1430-க்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று கேள்விகள். அதற்காக ஒரு பதினேழு வயசுப் பிள்ளையின் சனிக்கிழமைகளையெல்லாம் கோச்சிங்கில் கொட்டுகிறோம்.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஷ்ரையர் ஹானர்ஸ் காலேஜை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் அதிகம் ஆசைப்படும் இடங்களில் ஒன்று. ஷ்ரையர் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது எஸ்.ஏ.டி. ஸ்கோரையோ, அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏ.சி.டி.யின் ஸ்கோரையோ பார்ப்பதே இல்லை. எஸ்ஸேக்கள், பரிந்துரைக் கடிதம், பள்ளியில் எடுத்த பாடங்கள், செய்த வேலைகள், இவைதான் கணக்கு. "1400 தானே, ஷ்ரையரெல்லாம் எட்டாது" என்று ஒரு அப்பா தன் பையனை விண்ணப்பிக்கவே விடவில்லை. யாரும் பார்க்கப்போகாத ஒரு எண்ணுக்காக!

எல்லா இடமும் ஷ்ரையர் மாதிரி இல்லை. ரட்கர்ஸ், மேரிலாந்து பல்கலைக்கழகங்களில் ஹானர்ஸுக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. பொது விண்ணப்பத்தை வைத்தே எடுக்கிறார்கள். அங்கே பொது எஸ்ஸேதான் ஹானர்ஸ் எஸ்ஸேயும். டெக்சாஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகம் ஸ்கோரை மறுபடி கட்டாயமாக்குவதாக 2024-இல் அறிவித்தது. விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷம் போட்டவர்களைக் கேட்காமல் இந்த வருஷத்துப் பக்கத்தைப் பாருங்கள்.

இவர்கள் எஸ்ஸேயில் என்ன தேடுகிறார்கள்? ஹானர்ஸ் படிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது புரியும். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்த ஃபிராங்க் எய்டலாட், ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவராக இருந்தபோது 1922-இல் இதைத் தொடங்கினார். சில மாணவர்கள், ஒரு பேராசிரியர், ஒரு மேசை, வாரம் முழுக்கப் படித்துவிட்டு வந்து விவாதம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பிற்பாடு இதைக் கையில் எடுத்தன. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் 1960-இல் ஹானர்ஸ் காலேஜ் வந்தது. இன்றைக்கும் சாரம் அதேதான். ஷ்ரையரிலும் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் காலேஜான பாரெட்டிலும் சொந்தமாக ஒரு தீசிஸ், அதாவது ஆய்வேடு, முடிக்காமல் ஹானர்ஸ் பட்டம் கிடையாது. ஆகவே எஸ்ஸேயைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் தேடுவது, ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு யாரும் சொல்லாமலேயே அதன் பின்னால் போகும் பிள்ளையை.

அப்படி ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ஸ்கோர் 1390. முதல் வரைவு அரங்கேற்றத்தைப் பற்றி. ஒழுக்கம், விடாமுயற்சி, இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வாழ்வது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதே எஸ்ஸேயை வேறு பெயர்களில் நான் பலமுறை படித்திருக்கிறேன். வீட்டில் வேறு என்ன செய்வாய் என்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை பொங்கி பேஸ்மென்ட் முழுகிவிட்டது. அதற்கப்புறம் ஓடைக்கரையில் ஒரு கம்பை நட்டு, அம்மாவின் நெயில் பாலிஷால் அங்குலக் கோடுகள் போட்டு, ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறாள். அரசின் புவியியல் ஆய்வுத் துறை மில்ஸ்டோன் ஆற்றில் வைத்திருக்கும் அளவுமானியின் எண்களை இணையத்தில் எடுத்துப் பக்கத்தில் குறித்திருக்கிறாள். ஆறு உச்சத்துக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்னாலேயே தங்கள் ஓடை உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அப்படியானால் ஆற்றை வைத்துக் கொடுக்கும் எச்சரிக்கை எங்கள் தெருவுக்கு எப்படி உதவும் என்று கேட்டாள்.

"இதையெல்லாம் எழுதினா சிரிக்க மாட்டாங்களா?" என்றார் அவள் அம்மா. நோட்டை வாங்கிப் பார்த்தேன். மழையில் நனைந்து ஓரம் சுருண்ட பக்கங்கள், சில இடங்களில் "பள்ளிக்கு லேட், பார்க்கவில்லை" என்று நேர்மையாக ஒரு குறிப்பு. அதையே எழுதச் சொன்னேன். ஒரு ஹானர்ஸ் காலேஜில் கிடைத்தது, இன்னொன்றில் கிடைக்கவில்லை. இப்போது நீரியல் படிக்கிறாள்.

விண்ணப்பிப்பதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள். தீசிஸ் எழுத ஆசை இருக்கிறதா? சின்ன வகுப்பில் வாயைத் திறந்து பேசப் பிடிக்குமா? ஹானர்ஸில் நல்ல விஷயங்கள் நிறைய உண்டு. பாடங்களை மற்றவர்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளலாம், தனி விடுதி, தனி ஆலோசகர். சொந்த மாநிலக் கட்டணத்தில் ஒரு சிறிய தனியார் கல்லூரிக்கு உரிய கவனம் கிடைப்பது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஜி.பி.ஏ.வை, அதாவது சராசரி மதிப்பெண்ணை, குறையாமல் காப்பாற்ற வேண்டும், வேலையும் கூடுதல். நமக்கு ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை அதில் தள்ளக்கூடாது.

ஸ்கோரை அனுப்பலாமா என்பதற்கு என் வழி: கட்டாயமில்லாத இடத்தில், அவர்கள் போட்டிருக்கும் வரம்பின் கீழ் எண்ணைவிடக் குறைவு என்றால் அனுப்பாதீர்கள். வரம்புக்குள் இருந்தால் அனுப்புங்கள். இரண்டு தடவை எழுதியிருந்தால், ஒவ்வொரு பகுதியிலும் சிறந்ததைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

இப்போது கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடாது. ஷ்ரையர், பாரெட் இரண்டிலுமே, பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் பிறகு விண்ணப்பித்து உள்ளே வரலாம். அப்போது பள்ளிக்கால ஸ்கோரைவிடக் கல்லூரி ஜி.பி.ஏ.தான் பேசும்.

முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள். வரைவு கையில் இருப்பவர்கள் உள்பெட்டியில் அனுப்புங்கள், வார இறுதிகளில் படித்துச் சொல்கிறேன். பிள்ளைகளே நேரடியாக அனுப்பினால் இன்னும் நல்லது.